காக்கைக்கு முந்தி ஒரு வாய்

எங்கள் கோழிப் பண்ணையில் மருந்தை யாரும் மருந்து என்று சொன்னதில்லை. மஞ்சள் என்றுதான் சொல்வோம். கோழி குடிக்கிற தண்ணீரில் கலப்பதற்காக டின் டின்னாக வந்து இறங்கும் தூள் அது. மூடியைத் திறந்தால் அசல் மஞ்சள் தூள் மாதிரி இருக்கும். தண்ணீரில் கரைத்தால் திருவிழாவில் ஊற்றுவார்களே மஞ்சள் நீர், அதேதான். வாசம் மட்டும் வேறு. முதல் டின்னைத் திறந்த அன்றைக்கு யாரோ ஒரு பெண் "மஞ்சள்லா இது" என்று சொல்லப்போக, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. மருந்து என்று சொல்லியிருந்தால் நான் பயந்திருப்பேன். மஞ்சள் என்றதும் பயம் விட்டுப்போயிற்று. மஞ்சளுக்கு யார் பயப்படுவார்கள், சொல்லுங்கள்.

அந்த மஞ்சளில் தொடங்கிய கதை, செத்துப்போன என் அப்பாவுக்கு நானே விஷச் சோறு வைக்க வேண்டும் என்ற உத்தரவில் வந்து நின்றது. வைத்தால் வேலையும் வீடும் இருக்கும். வைக்காவிட்டால் இரண்டும் போகும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மலேசியாவில் பத்து காஜா டவுனுக்கு வெளியே இருந்த ரப்பர் தோட்டம் அது. நான் பிறந்ததும் அங்கேதான். எழுபதுகளில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். எங்கள் வரிசை வீடுகள், அதாவது லயம், இருந்த துண்டை ஈப்போவில் இருந்த சீன முதலாளி, தவுக்கே ஒருவர் வாங்கினார். மரங்களைச் சாய்த்துவிட்டுத் தகரக் கொட்டகைகள் போட்டுக் கோழி வளர்த்தார். லயத்தை இடிக்கவில்லை. பண்ணையில் வேலை செய்கிறவர்கள் அங்கேயே இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். வேலை போனால் வீடும் போகும் என்பது அதற்குள்ளேயே அடக்கம். அதை யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. பால்மரம் சீவிய கைகள் கோழிக்குத் தீனி போட ஆரம்பித்தன.

என்னைப் பற்றிச் சொல்வதென்றால், தமிழ்ப்பள்ளியில் ஆறாவது முடித்துவிட்டு டவுன் பள்ளிக்கு, மலாய் பழக்குகிற ரிமூவ் கிளாஸ் படிக்கப் போனேன். பஸ் ஈயம் தோண்டிய குட்டையின் ஓரமாகப் போகும். ஒரு நாள் இது உள்ளே விழத்தான் போகிறது என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அம்மா தவறியதும் அதையே சாக்காக வைத்து நின்றுவிட்டேன். அப்புறம் எல்லாமே பயம்தான். இடி இடித்தால் பயம். வீட்டுக்காரர் கோழி ஏற்றுகிற லோரியில் கூடப் போய்த் திரும்ப நேரமானால் பயம். பிள்ளைக்கு உடம்பு சுட்டால் கேட்கவே வேண்டாம். தஞ்சோங் ரம்புத்தான் பைத்திய ஆஸ்பத்திரியில் எனக்கென்று ஒரு கட்டிலைத் துடைத்து வைத்திருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்வார். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு, அப்படியும் ஆகிவிடுமோ என்று அதற்கும் பயப்படுவேன்.

அப்பா மரம் சீவியவர். ரப்பர் வெட்டுக்காட்டில் பசியாற உட்கார்ந்தால் முதல் பிடியை ஒரு இலையில் வைத்துவிட்டுத்தான் தன் வாயில் போடுவார். காக்கை வந்து எடுக்கும். தன் அப்பனும் ஆத்தாளும் கடல் தாண்டி வந்து இந்த மண்ணில் செத்தவர்கள், அவர்களுக்கு இங்கே வேறு யார் சோறு போடுவார்கள் என்பார். அவர் போன பிறகு நான் வைத்தேன். ஆண்பிள்ளை இல்லாத வீடு. கல்யாணமானவள் அமாவாசைக்கு விரதம் இருக்கக் கூடாது என்று சிலர் சொன்னார்கள். பயந்துகொண்டே இருந்தேன், ஆனால் விரதத்தை விடவில்லை. தினமும் காலையில் சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு பிடி வைப்பேன். மேல் அலகு கொஞ்சம் வளைந்த காக்கை ஒன்று எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முதலில் வரும். அப்பாவுக்கும் மேல்பல் தூக்கல். பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்தால் விடமாட்டார்.

"ஒங்கப்பா வந்துட்டாருலா. கறி இல்லன்னா கோவிச்சிக்குவாரு, பாத்துக்க."

அந்தக் காக்கைகள் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் எங்கே போய் வந்தன என்பதுதான் விஷயம். கொட்டகையின் கம்பி வலை பல இடத்தில் கிழிந்து தொங்கும். மைனாவும் சிட்டும் அது வழியாக உள்ளே போய்க் கோழியோடு கோழியாகத் தீனி தின்று, தகரத் தொட்டியில் மஞ்சள் தண்ணீரைக் குடித்துவிட்டு வரும். செத்த கோழிகளைப் பின்னால் ஒரு குழியில் வீசுவார்கள், மண் போட மாட்டார்கள். காக்கைகளுக்கு அங்கே விருந்து. அப்புறம் எல்லாம் கிளம்பி லயத்துக்கு வரும். துணிக் கொடியில் உட்காரும், கீரைப் பாத்தியில் உட்காரும், மழைத் தண்ணீர் பிடிக்கிற தோங் பீப்பாயின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து எச்சமிடும். எங்கள் தோங்கின் மேல் நான் தகரத்தைப் போட்டுச் செங்கல்லை ஏற்றி வைத்திருந்தேன். தண்ணிக்கும் பூட்டுப் போட்ட மகராசி என்று லயமே சிரித்தது.

மஞ்சளுக்கு மட்டும் நானும் பயப்படவில்லை என்று சொன்னேன் அல்லவா. யாருமே பயப்படவில்லை. வெட்டுக்காயத்தில் மஞ்சள் வைப்பது நம்முடைய பழக்கம். பண்ணையில் கத்தி பட்டாலும் கம்பி கிழித்தாலும் டின்னில் ஒரு சிட்டிகை எடுத்து அப்பிக்கொள்வோம். பித்த வெடிப்புக்கு எண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள். சிரங்கு வந்த பிள்ளையை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டுவார்கள். கடையில் வாங்கும் மஞ்சளைவிடச் சுருக்காகக் கேட்கிறது என்று பேச்சு. முதலில் கேட்கவும் செய்தது. பிறகு பிறகு அவ்வளவாகக் கேட்கவில்லை. டின் பழசாக இருக்கும் என்று புது டின்னைத் திறந்தார்கள்.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் பழைய பலகையில் இருந்த துருப்பிடித்த ஆணியை மிதித்துவிட்டார். வழக்கம் போல மஞ்சளை அடைத்துத் துணி சுற்றினோம். கால் வீங்கியது. திறந்து பார்த்தால் வாடை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே கொடுத்த மாத்திரையிலும் வீக்கம் இறங்கவில்லை. காலை எடுத்துவிடுவார்கள் என்று நான் அழுதுகொண்டே இருந்தேன். சின்ன வயசு டாக்டர், நம்ம பெண்தான், பொறுமையாக விசாரித்தார். முதலில் என்ன போட்டீர்கள் என்று கேட்டார். மஞ்சள் என்றேன். மஞ்சள் போட்டால் பரவாயில்லை, பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டுப் புண்ணில் இருந்து கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அடுத்த முறை போனபோது, இது சாதாரணக் கிருமி மாதிரி இல்லையே, கொடுத்த மருந்துக்கு அசையவே மாட்டேன் என்கிறதே என்றார்.

அப்போது என் வீட்டுக்காரர் சும்மா இருக்காமல் சொன்னார். "இத்தனைக்கும் கோழிக்குப் போடுற மஞ்சள் டாக்டர். நல்ல ஸ்டோங்கு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கோழிக்கு யாருங்க மஞ்சள் போடுறாங்க?"

டின் எப்படி இருக்கும், மேலே என்ன எழுதியிருக்கும் என்று துருவித் துருவிக் கேட்டார். ரிமூவ் கிளாஸ் வரைக்கும் போனதால் எனக்கு ஆங்கில எழுத்து தெரியும். டின்னில் பெரிதாக இருந்த பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அது கிருமியைக் கொல்கிற மருந்தாம், அவர் கொடுத்த மாத்திரையும் அதே இனம்தானாம். அந்தத் தூளிலேயே தினம் தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊறிப் பிழைத்த கிருமி, அதே மருந்தை மாத்திரையாகப் போட்டால் எப்படிச் சாகும் என்று எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். வேறு ஊசி போட்டார். கால் தப்பியது. ஒரு சொல் எங்களையும் ஏமாற்றி, படித்தவரையும் ஒரு வாரம் ஏமாற்றியிருந்தது. அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. மஞ்சள் என்றால் யாரும் மஞ்சள் என்றுதான் நினைப்பார்கள்.

அதே சமயத்தில் பண்ணையில் குஞ்சுகள் சாக ஆரம்பித்தன. மஞ்சளைக் கூட்டிப் போடச் சொன்னார்கள். கூட்டிப் போட்டும் செத்தன. தவுக்கே ஈப்போவில் சொல்லி, கோழி நோய் பார்க்கிற ஆபீஸிலிருந்து மலாய்க்காரர் ஒருவர் வந்தார். அவர் கோழியைப் பார்த்ததோடு நிற்காமல், இரண்டு கம்பத்துக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலையைக் கட்டி மைனாவையும் சிட்டையும் பிடித்தார். ஒவ்வொன்றையும் மெதுவாகக் கையில் எடுத்து, பின்பக்கத்தில் பஞ்சுக் குச்சியைத் தொட்டுக் குழாயில் போட்டு மூடினார். குழிப் பக்கம் காக்கை எச்சத்தையும் எடுத்துக்கொண்டார். வேலையை விட்டுவிட்டு எல்லோரும் வேடிக்கை பார்த்தோம். மைனாவுக்குக் கால் கழுவி விடறதுக்கும் கவுர்மெண்டுல சம்பளம் இருக்குலா என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்ல, அந்த மனிதருக்குத் தமிழ் புரியாதது நல்லதாகப் போயிற்று.

சில வாரம் கழித்து அவர் திரும்பி வந்தார். தவுக்கேயும், எங்களை வேலை வாங்குகிற மேஸ்திரி மண்டோரும் நின்றார்கள். நான் பக்கத்தில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன மலாயில் முக்கால்வாசி எனக்குப் புரிந்தது. கோழி வயிற்றில் இருக்கிற கிருமிக்கு இந்தத் தூள் உறைக்கவில்லை, அதே மாதிரி கிருமி மைனா வயிற்றிலும் காக்கை எச்சத்திலும் இருக்கிறது என்றார். பட்சிக்கு அதனால் ஒன்றும் ஆகாது, அது சும்மா சுமந்துகொண்டு திரியும், போகிற இடமெல்லாம் எச்சத்தோடு போடும். கிருமி இங்கே கெபல் ஆகிவிட்டது என்றார். வலையைத் தைக்க வேண்டும், தொட்டியை மூட வேண்டும், செத்த கோழியைப் புதைக்க வேண்டும், நோய் இல்லாத கோழிக்கு மருந்து போடுவதை நிறுத்த வேண்டும். இதெல்லாம் சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

கெபல் என்ற அந்த ஒரு சொல்தான் மறுபடி எங்களைக் கவிழ்த்தது. அவர் சொன்னது மருந்துக்கு அடங்காது என்ற அர்த்தத்தில். ஆனால் எங்கள் பக்கம் கெபல் என்றால் போமோ என்கிற மந்திரவாதியிடம் போய் மந்திரித்துக்கொள்வது. கெபல் போட்டவன் உடம்பில் கத்தி வைத்தாலும் வெட்டு விழாது, சுட்டால் குண்டு ஏறாது. மண்டோருக்கு இதிலெல்லாம் ரொம்ப நம்பிக்கை. கிருமிக்குக் கெபல் என்று அவர் சொன்னது மண்டோர் காதில் பட்சிக்குக் கெபல் என்று விழுந்தது. கோழி சாவதற்குக் காரணம் கெபல் பிடித்த பட்சிதான் என்று தவுக்கேயிடம் அவர் சொல்ல, வலை தைக்கிற பேச்சு அப்படியே நின்றது. பட்சியைத் தொலை என்று உத்தரவு வந்தது.

மண்டோர் யாரிடமோ காற்றுத் துப்பாக்கி வாங்கி வந்து காக்கையைச் சுட்டார். அவருக்குக் கண் சரியில்லை, கண்ணாடி போட வெட்கம். ஒன்றும் விழவில்லை. பார்த்தியா, குண்டு ஏறல என்றார். குழியோரத்தில் சோற்றில் விஷம் கலந்து வைத்தார். விவரம் தெரியாத மைனா ஒன்றிரண்டு தின்று செத்தது. காக்கைகள் கூரையில் உட்கார்ந்து அதைப் பார்த்தன. அதற்குப் பிறகு மண்டோர் எதை வைத்தாலும் பக்கத்தில் வரவில்லை.

ஆடி அமாவாசைக்கு முதல் நாள் மத்தியானம் மண்டோர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"இந்தா மருந்து. நாளைக்கிச் சோத்துல கலந்து வச்சிரு. நீ வச்சாத்தான் திங்கும்லா."

இத்தனை நாள் மருந்தை மஞ்சள் என்று சொன்னோம். அன்றைக்கு விஷத்துக்கு மருந்து என்று பெயர். பயம் எனக்குப் புதிது இல்லை. பயத்தோடு பேச்சும் வந்ததுதான் புதிது.

"எங்கப்பாவுக்கு நான் வெசம் வைக்கணுமாண்ணே?"

"காக்கா எல்லாம் ஒங்கப்பனா? ஒரு காக்காவ வேணா வெரட்டி விட்டுட்டு மத்ததுக்கு வையி."

"எது எங்கப்பான்னு எனக்குத் தெரியாதுண்ணே. அதனாலதான் எதுக்கும் வைக்க மாட்டேன்."

அவர் சிரித்தார். வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். கூரை நல்லாத்தான் இருக்கு, ஒழுகல போல என்றார். நான் பொட்டலத்தைத் தொடவில்லை. தொட்டியில் நாம் ஊற்றுகிற மஞ்சளைக் குடித்துத்தானே காக்கைக்கு இது வந்தது, அந்த ஆபீஸர் வலை தைக்கச் சொன்னாரே, முதலில் அதைச் செய்யுங்கள் என்றேன். என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகம். அவருக்கும் சந்தேகம்தான். பொட்டலத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு, நீ இல்லாட்டி வேற வீடு இல்லையா என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வாசலில் போய் நின்றார்.

பக்கத்து வீட்டு அக்கா பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். அவருக்குப் புருஷன் இல்லை. இந்த லயத்தை விட்டால் போக இடமும் இல்லை. மண்டோர் தலை மறைந்ததும் நான் போனேன். அக்கா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தார். பொட்டலம் சாமி மாடத்துக்குக் கீழே இருந்தது. வழக்கமாக என்னைப் பார்த்தால் ஏதாவது கேலி வரும். அன்றைக்கு வரவில்லை.

"ஒன் பயத்தப் பாத்து நாங்க எல்லாம் சிரிச்சோம்டி. இப்ப எனக்குக் கை காலே ஓடல. ஒனக்கு எப்படித்தான் தெனமும் தாங்குது?"

பழகிப்போச்சுக்கா என்றேன். அப்புறம் எனக்கு இருந்த ஒரே திறமையை எடுத்து வைத்தேன். எதை எடுத்தாலும் அதில் என்னென்ன கெடுதல் வரும் என்று வரிசையாகச் சொல்ல என்னால் முடியும். விஷச் சோற்றை உங்கள் சேவலும் தின்னும். காக்கை வாயில் எடுத்த சோற்றை அந்தத் தோங்கில் போடும், அந்தத் தண்ணீரில்தான் பிள்ளைகள் வாய் கொப்பளிக்கிறார்கள். தவழ்கிற குழந்தை கீழே கிடக்கிற பருக்கையைப் பொறுக்கும். சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்தது. அக்கா எழுந்து பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். அதைப் பிரிக்காமல் கொண்டுபோய் ஸ்டோரில் மண்டோர் மேசை மேல் வைத்தேன். அவர் அங்கே இல்லை. திரும்பி வந்து ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி அக்காவிடம் சொன்னதையே சொன்னேன். ஒரு வீட்டில் போடி பைத்தியம் என்றார்கள். அந்த வீட்டிலும் கோழி வளர்த்தார்கள், அதனால் கதவை மூடிக்கொண்டு யோசித்திருப்பார்கள்.

அமாவாசை அன்று விடிந்ததும் குளித்துச் சமைத்தோம். பின்பக்கம் போய்ப் பார்த்தால், புல் வெட்டிய காலி இடத்தில் வாழையிலை வரிசையாக விரித்துச் சோறும் பருப்பும் வைத்திருந்தது. வடை கூட இருந்தது. எங்கள் யாருடைய இலையும் இல்லை அது. மண்டோர் விஷத்தைக் கலந்து, நாங்கள் வைப்பது போலவே வைத்திருந்தார். காக்கைகள் வேலிக் கம்பியில் வந்து கூடிவிட்டன. அமாவாசைச் சோறு என்று அவற்றுக்குத் தெரியும். இலை இருக்கிற இடமும் பெண்கள் நிற்கிற இடமும் ஒன்றாக இருந்ததால் பயம் விட்டு இறங்க ஆரம்பித்தன.

நான் ஓடிப்போய்ச் சமையல்கட்டில் இருந்த காலி பிஸ்கட் டின்னை எடுத்துக் கரண்டியால் அடித்தேன். அக்கா தாம்பாளத்தை எடுத்தார். அடுத்த வீட்டில் குண்டான் மூடி. கொஞ்ச நேரத்தில் லயமே தட்டியது. வருஷம் பூரா கா கா என்று கூப்பிட்டு வரவழைத்தவர்கள் அன்றைக்குப் போ போ என்று விரட்டினோம். என் அப்பா, அக்காவின் புருஷன், யார் யாருடைய ஆத்தாளோ பாட்டனோ எல்லோரையும் வாசலில் இருந்து விரட்டினோம். அழுதுகொண்டே தட்டினோம் என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி இல்லை. கோபமாகத் தட்டினோம். எனக்கு அவ்வளவு கோபம் உள்ளே இருந்தது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

மண்டோர் வந்து கத்தினார். நாங்கள் இலைகளைச் சுற்றி நின்றுகொண்டோம். கொட்டகைக்கு யாரும் போகவில்லை. தொட்டியில் மஞ்சள் கலக்கவும் ஆள் இல்லை. வெயில் ஏறியதும் தவுக்கேயின் வண்டி வந்தது. என்ன சத்தம் என்று கேட்டார். மண்டோர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் நான் பேசிவிட்டேன். எனக்குத் தெரிந்த கொஞ்ச மலாயில்தான்.

"தவுக்கே, பூரோங் தாக் சாலா. ஊபாட் சாலா."

பட்சி மேல் தப்பு இல்லை, மருந்து மேல்தான் தப்பு. அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் எனக்கு மலாயும் இல்லை, மூச்சும் இல்லை. என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். கால் இன்னும் முழுசாக ஆறவில்லை. கட்டை அவிழ்த்து, ஆணி ஏறிய இடத்தைத் தவுக்கேக்குக் காட்டினார்.

தவுக்கே கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். குஞ்சு சாவதைப் பார்த்துப் பயந்துபோன ஆள்தான், என்னைப் போல. இலைகளைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். குழி வெட்டிப் புதை என்று மண்டோரிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். மண்டோர் கையாலேயே புதைத்தார். நாங்கள் நகராமல் நின்று பார்த்தோம்.

விரதக்காரர்கள் காக்கைக்கு வைத்துவிட்டு, அது எடுத்த பிறகுதான் சாப்பிடலாம். காலையில் அடித்த அடியில் ஒரு காக்கையும் லயத்துப் பக்கம் வரவில்லை. பசியோடு உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டோம், நாங்கள் சாப்பிடவில்லை. பொழுது சாயும்போது கூரையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. வளைந்த அலகு இல்லை, வேறொன்று. நான் இலையில் சோற்றை வைத்துவிட்டுக் கையை எடுக்கப் போனேன். அப்போது எனக்குள் ஒரு சந்தேகம் வந்தது. மத்தியானம் வீடு திறந்து கிடந்ததே, பானையில் யாராவது எதையாவது போட்டிருந்தால்? பிள்ளைகள் சாப்பிட்டு விளையாடுகிறார்கள், ஒன்றும் இல்லை என்று அறிவு சொல்கிறது. என் மனசு எப்போது அறிவு சொன்னதைக் கேட்டிருக்கிறது.

வைத்த சோற்றிலேயே ஒரு பிடி எடுத்து முதலில் நான் தின்றேன். அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார். காக்கைக்கு முந்தித் தின்றால் விரதம் போச்சு. போகட்டும் என்றேன். தின்றுவிட்டு இலையை விட்டுத் தள்ளி நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அது இறங்கி வந்து எடுத்தது. வளைந்த அலகுக் காக்கையை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை. விஷத்தில் போனதா, வேறு எங்காவது போனதா, தெரியாது. எது எங்கப்பா என்று தெரியாது என்று சொன்னவள் நான்தானே. அதனால் வந்ததற்கு வைத்தேன்.

அந்த மாசக் கடைசியில் எனக்கு வேலை இல்லை என்றார்கள். வீட்டுக்காரருக்கு மட்டும் வேலை உண்டு, ஆனால் வீடு வேறு ஆளுக்கு வேண்டுமாம். மண்டோர் வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர் என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். சாமான் கட்டு, போலாம் என்றார். அப்புறம், தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ஸு ஈப்போவுல இருந்துதான் கெளம்புது, ஒனக்கு வசதிதான் என்றார். சிரித்துக்கொண்டே கட்டினோம். அக்காவுக்கு மட்டும் வேலை போகவில்லை. நாங்கள் கிளம்பும்போது எங்கள் தோங்கின் தகர மூடியையும் செங்கல்லையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் வீட்டுத் தோங்குக்கு.

ஈப்போவில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் லோரி ஓட்டப் பழகினார். நான் ஒரு பட்டறையில் துணி மடிக்கிற வேலைக்குப் போனேன். இங்கேயும் காக்கை உண்டு. பாசார் சந்தைப் பக்கம் கூட்டமாக இருக்கும். அவ்வப்போது துப்பாக்கியோடு நகராட்சி ஆட்கள் வந்து சுட்டுவிட்டுப் போவார்கள். காக்கை நோய் பரப்புகிறது என்று பேசிக்கொள்வார்கள். சுமக்கிறது என்று எனக்கும் தெரியும், அந்த ஆபீஸர் சொன்னதை நான் மறக்கவில்லை. சோறு வைத்த கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவாமல் பிள்ளையைத் தொடமாட்டேன். கொடியில் எச்சம் பட்ட துணியை மறுபடி துவைப்பேன். தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் ஒரு வாய் குடிக்கமாட்டேன். முட்டையைக் கூடக் கழுவித்தான் உடைப்பேன். பயப்படுவதை நான் விடவில்லை. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். காக்கை தானாக டின்னைத் திறந்து கலக்கிக் குடிக்கவில்லை.

நம்மவர்கள் சிலர் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, நீதானே கலக்கினாய் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஆமாம், கலக்கினேன். கலக்கச் சொன்னார்கள், என்ன தூள் என்று சொல்லவில்லை. சொல்லாதவர்களிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும். நான் தலை குனியமாட்டேன்.

பண்ணை இன்னும் நடக்கிறது என்று அக்கா வந்தபோது சொன்னார். டின் இப்போது வேறு மாதிரி வருகிறதாம். தூள் வெள்ளையாக இருக்கிறதாம். மாவு என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாவு என்று சொல்லாதீங்கக்கா, மருந்து என்று சொல்லுங்க, பிள்ளைங்ககிட்டயும் அப்படியே சொல்லச் சொல்லுங்க என்று திருப்பித் திருப்பிச் சொல்லி அனுப்பினேன். பஸ் ஏறும் வரைக்கும் சொன்னேன். சரிடி, சரிடி என்று ஜன்னல் வழியாகக் கையாட்டினார். அங்கே போய்ச் சொல்கிறார் என்றுதான் நினைக்கிறேன். மற்றவர்களைப் பயமுறுத்துகிற வேலை இப்போது அவரிடம் போயிருக்கிறது.

நேற்றும் அமாவாசை. ஜன்னல் கம்பிக்கு வெளியே சின்னத் தகரத் தட்டில் சோற்றை வைத்தேன். கீழ் வீட்டுப் பெண் ஏதோ கேட்க வந்தவள், நான் முதல் பிடியை என் வாயில் போட்டதைப் பார்த்துவிட்டாள். கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறவள்.

"என்னக்கா, காக்காவுக்கு முன்னாடி நீங்க சாப்பிடுறீங்க? பாவம்லா."

நான் மென்று விழுங்கினேன். கொஞ்சம் பொறுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. தட்டைத் தள்ளி வைத்தேன்.

"இப்ப வரச் சொல்லு," என்றேன்.